ஓடையில் வந்த பத்தொன்பது அடி

முதல் அநியாயம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதில் நடந்தது. குதிரைப்பாறை ஊரின் மேய்ச்சல் புறம்போக்கு அறுபது ஏக்கரையும் குவாரிக்காரர்கள் ஒரே பகலில் முள்கம்பி போட்டு வளைத்தார்கள். உள்ளே மாட்டிக்கொண்ட செவலைப் பசுவை ஓட்டிவரப் போன பலவேசம் கம்பியைப் பிடித்தபோது, காவல்காரன் அவருடைய உள்ளங்கைகளைக் கம்பியோடு கம்பியாக வைத்துக் குறட்டால் முறுக்கினான்.

இரண்டாவது, எண்பத்து நான்கில். நேரம் சொல்லாமல் வெடி வைத்தார்கள். மூன்று பேர் முறத்தில் அள்ளும்படி ஆனார்கள். இடி விழுந்து செத்தார்கள் என்று அரசாங்கக் காகிதத்தில் ஏறியது, மாசி மாதத்தில், பொட்டு மேகம் இல்லாத வானத்திலிருந்து. பலவேசத்தின் வலது காது அன்றோடு சரி.

மூன்றாவது, தொண்ணூற்றொன்றில். குவாரித் தொழிலாளர் சங்கத்தின் பெயர்ப்பலகையை நட்ட அன்றைக்கே குவாரி போர்மேன் செல்லக்கண்ணு அதைப் பிடுங்கி, அதே பலகையால் பலவேசத்தின் வாயில் அடித்தான். முன்பல் இரண்டு மண்ணில் விழுந்தன.

நான்காவது, தொண்ணூற்றெட்டில், தாலுகா அலுவலக வாசலில் தடியடி, இடது முழங்கால். ஐந்தாவது, இரண்டாயிரத்து மூன்றில், சங்கக் கொட்டகைக்குத் தீ. உள்ளே இருந்த சைக்ளோஸ்டைல் இயந்திரத்தைத் தூக்கப் போய் முதுகு முழுக்க வெந்தது.

ஆறாவது, இரண்டாயிரத்து ஒன்பது பங்குனியில். முதல் ஐந்தும் பலவேசத்தின் உடம்பில் விழுந்தவை, ஆறாவது பேச்சித்தாயின் மேல் விழுந்தது. அதைச் சொல்லுமுன் ஓடையைப் பற்றிச் சொல்லவேண்டும்.

இந்த வரிசையை முன்னே பின்னே மாற்றிச் சொல்ல பலவேசம் யாரையும் விட்டதில்லை. வரிசை குலைந்தால் வரலாறு வதந்தியாகிவிடும் என்பார். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவர் அவர். மீதிப் படிப்பையெல்லாம் துண்டறிக்கைகளில்தான் படித்தார், படித்ததை எழுதினார், எழுதியதை அச்சடித்தார், அச்சடித்ததை முப்பது வருஷம் விடியுமுன் எழுந்து வீடுவீடாகக் கதவுக்கு அடியில் சொருகினார், அதே காகிதத்தில் மறுநாள் கடலை மடித்துக் கொடுத்தார்கள், அந்தக் கடலையையும் வாங்கித் தின்றுகொண்டே காகிதத்தைப் பிரித்துத் தன் எழுத்தில் பிழை இருக்கிறதா என்று பார்த்தார். அப்படிப்பட்ட மனிதர் அறுபத்து மூன்று வயதில், பேருந்து நிலையத்துப் பக்கம் நாலு கம்ப்யூட்டர் வைத்து பிரவுசிங் சென்டர் நடத்திய ஜெசிந்தாவிடம் போய், எனக்கும் ஒரு வலைப்பூ வேண்டும் என்று நின்றார்.

ஜெசிந்தா ஆரம்பித்துக் கொடுத்தாள்.

"இதுல எழுதினா யாரு பிள்ள வந்து படிப்பா?"

"வரவே வேண்டாம் அண்ணாச்சி. ஓடைன்னு ஒண்ணு இருக்கு. அதுல பேரு குடுத்தவுகளுக்கு, நீங்க எழுதினது எழுதின உடனே தானாப் போயி நிக்கும். கோயில்பட்டியில இருக்கவனுக்கும் போவும், குவைத்துல இருக்கவனுக்கும் போவும்."

"கதவுக்கு அடியில நோட்டீஸைச் சொருவிட்டு வாரமே, அந்த மாதிரியா?"

"அதேதான். நாய் மட்டும் கடிக்காது."

பலவேசம் முன்பல்லில்லாத வாயால் சிரித்தார். அடுத்து ஜெசிந்தா ஒரு கேள்வி கேட்டாள், ஓடை வைக்கிற எல்லாரிடமும் கேட்கிற சாதாரணக் கேள்வி: எழுதிய இடுகை முழுசாகப் போகவேண்டுமா, முதல் பத்து வரி மட்டும் போய், மீதியைப் படிக்க அவர்கள் வலைப்பூவுக்கு வரவேண்டுமா?

"பத்து வரிதான்" என்றார் பலவேசம், யோசிக்காமல். "எண்பத்தெட்டுல நான் எழுதினதை வரிக்கு வரி தூக்கி பக்கத்து ஊர்ச் சங்கத்தான் தன் பேருல போட்டுக்கிட்டான். முழுசாக் குடுத்தா எவன் என் வாசலுக்கு வருவான்? ருசி பாத்தவன் வரட்டும்." வலைப்பூவின் அடியில் வருகிறவர்களை எண்ணிக் காட்டும் ஒரு சின்னக் கட்டம் இருந்தது. அது அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

முதல் அநியாயத்தைச் சொன்ன முதல் இடுகை, இரண்டாயிரத்து எட்டு ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் போனது. அப்போது ஓடையில் பெயர் கொடுத்திருந்தவர்கள் பதினொரு பேர். பத்து மணி ஒரு நிமிஷத்துக்குக் கணக்கு வாத்தியாரின் கையிலிருந்த சாக்குக்கட்டி சிவந்தது, தென்காசி பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட்டைக் கிழிக்கும்போது டிக்கெட்டோடு உள்ளங்கைத் தோலும் கிழிந்து வந்தது, குவைத்தில் வெல்டிங் செய்துகொண்டிருந்த ஒருவன் கையுறையைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளே முள்கம்பி பதிந்த தடம் எட்டு முடிச்சோடு அப்படியே இருந்தது. அதே நேரத்தில் டீக்கடையில் கிளாஸைப் பிடித்திருந்த பலவேசம், முப்பது வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாகக் கண்ணாடியின் சூடு கையில் உறைப்பதை உணர்ந்து விரித்துப் பார்த்தார். தழும்புகள் போயிருந்தன. அவர் இன்னொரு டீ சொன்னார்.

யாரும் வாய் பிளக்கவில்லை. குவாரி ஊரில் கல் பறக்கிறது, கை போகிறது, ஆள் போகிறான். அடி எந்த வழியாக வந்தால் என்ன? ஊர் கேட்ட முதல் கேள்வி, "வேற யாருக்கெல்லாம் வந்திச்சு?" என்பதுதான். பதினொரு பேரில் உள்ளூரில் இருந்தவர்கள் ஒரே இடத்தில் உட்கார்ந்து கைகளை அருகருகே வைத்துப் பார்த்தார்கள். மூன்று நாளில் காயம் ஆறியது. நாலாம் நாள் இன்னும் நாற்பத்தொன்பது பேர் ஜெசிந்தாவிடம் வந்து பெயர் கொடுத்தார்கள், அதில் பாதிப்பேர் வெளிநாட்டிலிருந்து. "ஊரு வாங்கின அடியில எனக்கும் ஒரு பங்கு வேண்டாமா எக்கா? இங்க ஏசியில கெடக்கது குத்துது" என்று தோஹாவிலிருந்து ஒருவன் போனில் அழுதான்.

இரண்டாம் இடுகைக்கு அறுபது பேர் காதிலும் ரத்தம் வந்தது, அறுபது பேரும் கல்தூளைத் துப்பினார்கள், ஆனால் யாருக்கும் காது செவிடாகவில்லை. அப்போதுதான் ஊருக்கு ஒரு உண்மை விளங்கியது: ஆள் கூடக்கூட அடி குறைகிறது. ஒரு காது, அறுபது பங்கு. பிறகு கேட்கவேண்டுமா, கிரஷரில் ஜல்லி அள்ளுகிற பெண்கள் வரிசை கட்டி வந்தார்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் ஜெசிந்தா ஆளுக்கொரு மின்னஞ்சல் முகவரி போட்டுக் கொடுத்தாள். சுகாதார நிலையத்து நர்ஸம்மா, வருகிறவர்களிடம் "எங்க விழுந்தீங்க?" என்று கேட்பதை விட்டுவிட்டு "எத்தனையாவது இடுகை?" என்று கேட்கத் தொடங்கினாள். பஸ்ஸில் ஓடைக்காரருக்கு எழுந்து இடம் கொடுத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் நாள் குறிக்கும்போது, "கல்யாணம் முடியுத வரைக்கும் அண்ணாச்சியை ஒண்ணும் எழுதவேண்டாம்னு சொல்லி வையுங்க" என்று ஆள் அனுப்பினார்கள்.

மூன்றாம் இடுகைக்கு நூற்று நாற்பது பேர். இரண்டு பல்லை நூற்று நாற்பது வாயில் பங்கு போட்டால் ஆளுக்கு அரிசி முனை அளவு. நூற்று நாற்பது பேருக்கும் முன்பல்லின் ஓரம் அந்த அளவுக்கு உடைந்து நாக்கில் உறுத்தியது. குவாரி முதலாளிக்கு உளவு பார்க்கப் பொய்ப் பெயரில் ஓடையில் சேர்ந்திருந்த செல்லக்கண்ணுக்கும் உடைந்தது. "தன் அடியைத் தானே வாங்கின மொத ஆளு" என்று ஊர் சிரித்தது. காயத்தோடு போய் அவன் பெயரை எடுக்கச் சொல்லியிருக்கலாம். எடுக்கச் சொன்னால் அது தான்தான் என்று ஒப்புக்கொண்டதாகும் என்று விட்டுவிட்டான்.

அந்த இடுகையில் பலவேசம் கொஞ்சம் கூட்டி எழுதியிருந்தார். பல்லோடு சேர்த்துக் கைகள் இரண்டும் முறிக்கப்பட்டன என்று ஒரு வரி. சங்கக் கூட்டத்தில், இருநூறு பேர் நடுவில், ஜல்லி அள்ளுகிற பேச்சித்தாய் எழுந்து நின்றாள். முப்பத்து நாலு வயது, ஒரு கூடை ஜல்லியைத் தலையில் வைத்துக்கொண்டே சண்டை போடக்கூடியவள்.

"அண்ணாச்சி, பல்லு வந்திச்சு. கை வரலையே?"

"என்ன சொல்லுத?"

"எழுதிருந்தீயளே, கையும் முறிஞ்சுதுன்னு. எங்க யாருக்கும் முறியலையே. வழியில எறங்கிட்டோ?"

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஓடைக்குப் பொய் ஏறாது என்று அன்றிலிருந்து ஊரில் ஒரு பேச்சு வந்தது. பலவேசம் மட்டும் சிரிக்கவில்லை. அவர் வாயில் அன்று காலைதான் புதுப்பல் இரண்டு முளைத்து நின்றன, அவற்றைக் காட்ட அவருக்கு இஷ்டமில்லை.

அவருக்கு முதல் பெருங்குடைச்சல் அங்கேதான் ஆரம்பித்தது. உடைந்த பல்லோடு உள்ளூரில் இருந்த அத்தனை பேரையும் பேச்சித்தாய் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்க் கலெக்டர் முன்னால் வாயைத் திறந்து காட்ட வைத்தாள். நாலாம் இடுகையில் இருநூற்று இருபது பேர் நொண்டினார்கள். அவர்களையும் கூட்டிக்கொண்டு போனாள். ஐந்தாம் இடுகையில் முந்நூறு முதுகுகளில் காலணா அளவு தீக்கொப்புளம். சட்டையைக் கழற்றி வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுத்தாள். எண்பத்து நாலில் செத்த மூன்று பேரின் வழக்கைத் திரும்ப எடுக்கிறோம் என்று எழுத்து மூலம் வாங்கிக்கொண்டுதான் திரும்பினாள். மாலை அவளுக்கு விழுந்தது. அடி யாருடையது? எழுதியது யார்? பலவேசத்தின் முழங்கால் நேரானது, முதுகு மாப்பிள்ளை முதுகு மாதிரி ஆனது, காது எறும்பு ஊர்வதைக் கேட்டது. ஆனால் தழும்பில்லாத போராளியை எந்த மேடையில் ஏற்றுவார்கள்? முப்பது வருஷமாகச் சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டிப் பேசி வந்தவர் இப்போது எதைத் தூக்கிக் காட்டுவார்? மாசி மாதம் சங்கத்தேர்தலில் கை தூக்கச் சொன்னார்கள். பேச்சித்தாய்க்கு நூற்றுத் தொண்ணூறு கை, பலவேசத்துக்குப் பதினேழு. அவரைக் கௌரவ ஆலோசகர் என்று அறிவித்து ஒரு சால்வை போர்த்தினார்கள். பிணத்துக்குக் கோடித்துணி போர்த்துகிற மாதிரி இருந்தது அவருக்கு.

பத்து நாள் கழித்து டீக்கடையில் செல்லக்கண்ணு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பதினெட்டு வருஷமாக முகம் கொடுத்துப் பேசாத இரண்டு பேர்.

"என்ன வே, ஒங்களைத் தூக்கிக் கெடாசிட்டாளாமே பொம்பள."

பலவேசம் டீயை ஆற்றினார்.

"அவ எங்க போனாலும் பத்து பேரு சுத்தி நிக்கானுவ. ஒரு வார்த்தை தனியாப் பேச முடியல, வே" என்றான் செல்லக்கண்ணு.

"அவளுக்கு ஆளு துணை எதுக்கு, தலைவியாச்சே" என்றார் பலவேசம், கிளாஸைப் பார்த்தபடி. "செவ்வாக்கிழமை சாயங்காலம் மூணாம் நம்பர் மெஷினுக்கு மனுவுல கையெழுத்து வாங்கத் தனியாத்தான் போவா. என்னமோ ரெண்டு வார்த்தை பேசுங்க. ரெண்டு தட்டு தட்டினாலும் புத்தி வரும்."

அவ்வளவுதான் அவர் சொன்னது. அதைச் சொல்லிவிட்டு எழுந்து நேரான முழங்காலோடு விறுவிறுவென்று நடந்தார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவரும் போனார், ஜல்லிக் குவியலுக்குப் பின்னால், அவளுக்குப் புத்தி வருவதைப் பார்க்க. மூன்றாம் நம்பர் கிரஷர் ஓடிக்கொண்டிருந்தது, கல்லை மென்று துப்புகிற அந்தச் சத்தத்தில் யார் கத்தினாலும் கேட்காது. முதலாளி கனகமணி காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். செல்லக்கண்ணு கையெழுத்துத் தாளைக் கேட்டான், பேச்சித்தாய் அதை மடித்து ரவிக்கைக்குள் வைத்தாள், அவன் கடப்பாரையால் அவள் நெற்றியில் அடித்தான். அவள் விழவில்லை, குனிந்து ஒரு கருங்கல்லை எடுத்து அவன் தோளில் எறிந்தாள். இரண்டாவது அடி இடது காதுக்கு மேலே. அவள் முட்டிபோட்டாள். கார்க் கண்ணாடி நாலு விரல் இறங்கியது, கனகமணியின் குரல் வந்தது: "பாதியில விடாத. முடி." கூட்டத்தில் கைகளை எண்ணிப் பழகிய பலவேசம், குவியலுக்குப் பின்னால், தன்னை அறியாமலே எண்ணினார். தோளில் மூன்று, விலாவில் ஐந்து, முதுகெலும்பில் நாலு. பன்னிரண்டாவதில் அவள் ஊர்ந்துகொண்டிருந்தாள், பதினைந்தாவதில் விரல்கள் மட்டும் மண்ணைப் பிறாண்டின, பத்தொன்பதாவதில் அதுவும் நின்றது. பிறகு முதலாளியின் ஆட்கள் அவளைத் தூக்கி, கிரஷருக்குக் கல் ஏற்றும் பெல்ட்டில் போட்டார்கள். அவள் புருஷன் சங்கிலிபூதம் அந்தக் குவாரியிலேயே டிப்பர் ஓட்டுகிறவன். அவனைப் பிடித்து வந்து, கழுத்தில் ஒருத்தன் முழங்காலை வைத்து அழுத்த, கால் தவறி மெஷினில் விழுந்தாள் என்று எழுதிய தாளில் பெருவிரலை ஒற்ற வைத்தார்கள். உடலை அன்றைக்கே எரித்தாகிவிட்டது.

எட்டு நாள் பலவேசம் சோறு இறங்காமல் கிடந்தார். ஒன்பதாம் நாள் எழுதினார். ஆறாவது அநியாயம் என்று தலைப்பிட்டு, பத்தொன்பது அடியையும் வரிசை மாறாமல், காருக்குள்ளிருந்து வந்த குரலையும் சேர்த்து, மூச்சு விடாத ஒரே வாக்கியமாக எழுதினார். அவள் தனியாக வருவாள் என்பது அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்ற இடம் வந்தபோது, "எங்கிருந்தோ மோப்பம் பிடித்த கூலிப்படை" என்று எழுதி முடித்தார். ஓடை தன் வழக்கப்படி முதல் பத்து வரியை மட்டும் எடுத்துக்கொண்டு போனது. முதல் ஐந்து இடுகையிலும் பத்தாவது வரிக்குள் ஏதோ ஒரு முற்றுப்புள்ளி இருந்தது. இதில் இல்லை. "இரண்டாவது அடி இடது காதுக்கு மேலே விழுந்து" என்ற இடத்தில் ஓடை வெட்டிவிட்டது.

முந்நூற்று நாற்பது பேருக்கு நெற்றியிலும் இடது காதுக்கு மேலும் நகக்கீறல் அளவு காயம் திறந்தது. சின்னக் காயம்தான். ஆனால் மூடவில்லை. மூன்று நாள் ஆயிற்று, ஆறு நாள் ஆயிற்று, ரத்தம் சொட்டிக்கொண்டே இருந்தது. தலையணைகளை வெயிலில் போட்டால் ஈ மொய்த்தது. முடி வெட்டுகிறவர் சவரக்கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தன் காதைத் துடைத்துக்கொண்டார், பூசை நடக்கும்போது விபூதித் தட்டில் சொட்டு விழுந்தது, தோஹாவில் ஒருவன் மயங்கி விழுந்ததாகச் செய்தி வந்தது. செல்லக்கண்ணு தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நடந்தான், துண்டு சிவந்துகொண்டே வந்தது. எல்லாரையும்விட மோசம் சங்கிலிபூதம். பேச்சித்தாயின் பெயரும் அதே வீட்டில் ஓடையில் இருந்தது; அவள் பங்கும் சேர்ந்து அவனுக்கே வந்தது. சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப்போய், நாலு அடி நடந்தால் சுவரைப் பிடித்தான்.

"அரை வாக்கியத்துல நிக்கது அண்ணாச்சி, அதான் மூட மாட்டேங்கு" என்றாள் ஜெசிந்தா. அவள் காதோரத்திலும் பஞ்சு. "முழுசா விட்டாத்தான் ஆறும். நான் மாத்திருதேன்."

"பத்தொன்பதும் போகும் பிள்ள. ஆளு செத்துருவான்."

"பங்கு போடுவோம். ஆளு சேப்போம்."

மறுநாள் பட்டப்பகலில் கனகமணியின் ஆட்கள் சென்டருக்குள் புகுந்து நாலு கம்ப்யூட்டரையும் கல்லுடைக்கிற சம்மட்டியால் உடைத்தார்கள், ஜெசிந்தாவின் வலது கையை மேஜை டிராயருக்குள் வைத்து டிராயரை உதைத்து மூடினார்கள். "எங்கடி ஓடை?" என்று ஒருத்தன் உடைந்த பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினான். ஜெசிந்தா மூன்று விரல் முறிந்த வலியிலும் சிரித்தாள். "நல்லாத் தேடு மக்கா, அடியில கெடக்கும்" என்றாள். அன்று சாயங்காலமே வாத்தியார் வீட்டு லேப்டாப்பில் உட்கார்ந்து இடது கையால் பெயர் சேர்க்க ஆரம்பித்தாள். பக்கத்து ஊர்ச் சங்கம் முழுசாக வந்தது, பீடி சுற்றுகிறவர்கள் வந்தார்கள், நர்ஸம்மா வந்தாள், கோட்டாட்சியர் அலுவலக எழுத்தர் ஒருவர் பின்வாசல் வழியாக வந்து பெயர் கொடுத்துவிட்டுப் போனார். முந்நூற்று நாற்பது, ஆயிரத்து நூற்று இருபத்தேழு ஆனது. ரத்தம் சொட்டச்சொட்ட முந்நூறு பேர் அலுவலக வாசலில் போய் உட்கார்ந்ததில், பேச்சித்தாயின் சாவைப் பற்றிக் கோட்டாட்சியர் விசாரணை வைக்கிறேன் என்று நாள் குறித்தார்.

தாலுகா அலுவலக முற்றத்தில், காலை பதினொரு மணிக்கு, ஆயிரத்துச் சொச்சம் பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கோட்டாட்சியர் நாற்காலியில், பக்கத்தில் பெயர் கொடுத்த அந்த எழுத்தர். ஒரு ஓரம் கனகமணி வக்கீலோடு. செல்லக்கண்ணு அவருக்குப் பின்னால் நின்றான்.

"எங்கிட்ட சாட்சி இருக்கு சார்" என்றாள் ஜெசிந்தா. "எல்லாரும் படுத்துக்கிடுங்க. பக்கத்துல இருக்கவுக கையைப் பிடிச்சுக்கிடுங்க."

வக்கீல் ஏதோ சட்டம் பேசினார். அவள் மடியிலிருந்த லேப்டாப்பின் விசையை இடது கை விரலால் அழுத்தினாள்.

மூன்றாவது அடி வந்தபோது முற்றம் முழுக்க ஒரே குரலில் முனகியது. யாரும் யாரையும் அடிக்கவில்லை, ஆனாலும் ஆயிரம் தோள்கள் ஒரே நேரத்தில் துள்ளின. விலாவில் ஐந்து. வெள்ளைச் சட்டைகளின் மேல் கடப்பாரை அகலத்துக்குச் சிவப்புக் கோடுகள் ஒவ்வொன்றாக ஏறுவதைக் கோட்டாட்சியர் எழுந்து நின்று பார்த்தார். முதுகெலும்பில் விழுந்தபோது நிழலில் நின்ற செல்லக்கண்ணு கனகமணியின் காலடியில் குப்புற விழுந்து, "போதும், நிறுத்தச் சொல்லுங்க முதலாளி, நீங்கதான முடிக்கச் சொன்னீய, இப்ப நிறுத்தச் சொல்லுங்க" என்று மண்ணைக் கடித்தான். நின்றால்தானே. பன்னிரண்டில் எல்லாரும் ஊர்ந்தார்கள். பதினைந்தில் ஆயிரம் கைகள் மண்ணைப் பிறாண்டின. பத்தொன்பதில் முற்றம் அசைவில்லாமல் கிடந்தது. ஒரு மூச்சு நேரம், இரண்டு மூச்சு நேரம், கூரைமேல் காக்கை மட்டும் நடந்தது. பிறகு ஒருத்தி இருமினாள். ஒவ்வொருவராகக் கையை ஊன்றி எழுந்தார்கள். ஒரு சாவை ஆயிரத்து நூற்று இருபத்தேழு பங்கு போட்டு வாங்கிக்கொண்டு யாரும் சாகாமல் எழுந்தார்கள்.

பலவேசம் மட்டும் முற்றத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். ஓர் அடியும் அவருக்கு வரவில்லை. எழுதுகிறவன் தன் ஓடையில் தானே பெயர் கொடுப்பானா?

ஆனால் ரத்தம் நிற்கவில்லை. காதுக்கு மேலிருந்த காயம் எல்லாருக்கும் முன்னைப்போலவே சொட்டியது. ஜெசிந்தா திரையைப் பார்த்தாள், முழுசும் போயிருந்தது. சங்கிலிபூதம் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான், மடியெல்லாம் நனைந்து, கண் பாதி சொருகி.

"அண்ணாச்சி" என்றான், காற்று மாதிரி. "இன்னும் ஏதோ பாக்கி இருக்கு. அவ மூணாம் நம்பருக்குத் தனியாப் போறது எனக்கும் அவளுக்கும் சங்கத்து ஆளுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. மோப்பம் பிடிச்சானுவன்னு எழுதிருக்கீய. அந்த வரி எனக்கு வரலை. யாருக்கும் வரலை."

பலவேசம் சுற்றிலும் பார்த்தார். முந்நூற்று நாற்பது பேராக இருந்தது இப்போது ஆயிரத்து நூற்று இருபத்தேழு பேர். எல்லார் காதிலும் சொட்டுகிறது. அதில் முதலில் போகப்போகிறவன் இவன், இன்றைக்கோ நாளைக்கோ. அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். முழங்காலைப் பார்த்தார். ஐந்து அநியாயத்தையும் இந்த ஜனங்கள் வாங்கிக்கொண்டு அவரைக் கழுவித் துடைத்து நிறுத்தியிருந்தார்கள். இதை வாயை மூடிக்கொண்டு கொண்டுபோனால் சுத்தமான உடம்போடு சுடுகாட்டுக்குப் போகலாம், மேலே ஒரு சிவப்புத் துணி போர்த்துவார்கள், இரங்கல் கூட்டம் போடுவார்கள்.

"ஜெசி, டைப் அடி" என்றார். "ஐயா, நீங்களும் எழுதிக்கிடுங்க."

எழுத்தர் பேனாவைத் திறந்தார். பலவேசம் சொன்னார். முப்பது வருஷமாகத் துண்டறிக்கை எழுதிய கை, குறிப்பிட்ட முதலாளி, சில சமூக விரோதிகள், எட்டப்பர் கூட்டம் என்று யார் பெயரும் போடாமல் சுற்றிச் சுற்றி எழுதியே பழகியது. வழக்குக்குப் பயந்து கற்றுக்கொண்ட வித்தை அது. இப்போது அவர் சுற்றவில்லை. டீக்கடையைச் சொன்னார், கிளாஸைச் சொன்னார், செவ்வாய்க்கிழமையைச் சொன்னார், ரெண்டு தட்டு தட்டினால் புத்தி வரும் என்று சொன்னதைச் சொன்னார், ஜல்லிக் குவியலுக்குப் பின்னால் நின்று எண்ணியதைச் சொன்னார். கூட்டத்தில் ஒருத்தி கல்லை எடுத்தாள். சங்கிலிபூதம் கையை லேசாக உயர்த்தினான். அவள் கல்லைக் கீழே போட்டாள்.

"அவளை ஏன் தடுக்க?" என்றார் பலவேசம். "எறியட்டும்."

"எறிஞ்சா ஒங்களுக்கு ஒரு தழும்பு கெடைக்கும்" என்றான் சங்கிலிபூதம். "அதைக் காட்டி இன்னும் பத்து வருஷம் பேசுவீய."

வாக்குமூலம் எழுதி முடிந்தால் அதைச் சாட்சிகள் முன்னிலையில் படித்துக் காட்டவேண்டும் என்பது சர்க்கார் வழக்கம். எழுத்தர் எழுந்தார். அவர் காதோரத்துப் பஞ்சும் நனைந்திருந்தது. ஜெசிந்தா விரலை விசையின் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்; அவர் வாசித்து முடித்ததும் ஓடையில் விடுவதாகப் பேச்சு. அவர் முதலிலிருந்து வரி விடாமல் வாசித்தார். கடைசியில் குற்றம் செய்தவர்கள் என்று எழுதிய இடத்துக்கு வந்தார்.

"ஒன்று. ஆறுமுகம் மகன் கனகமணி."

"கேட்டோம்" என்றது முற்றம்.

"இரண்டு. தவசி மகன் செல்லக்கண்ணு."

"கேட்டோம்."

எழுத்தர் நிறுத்தினார். சின்ன வயதில் அவர் வீட்டுக் கதவுக்கு அடியிலும் காகிதம் சொருகிக் கிடந்திருக்கிறது. தாளைப் பார்த்தார், எதிரே கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறவரைப் பார்த்தார். சொட்டுகிற சத்தம் எல்லாப் பக்கமும் கேட்டது.

"சத்தமா வாசிங்க ஐயா" என்றார் பலவேசம். "தகப்பன் பேரோட."

எழுத்தர் சத்தமாக வாசித்தார்:

"மூன்று. வேலாயுதம் மகன் பலவேசம்."